மலை தாண்டிய அயிரை

ஏழு வருடமாக இந்த இரண்டு ஊர்களும் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இத வச்சுக் கொழம்பு வைக்கலாமா?"

ராஜபாளையத்தில் கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கேட்டார்கள். என் மடியில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கும். அதற்குள் விரல் நீளத்தில் நாலைந்து மீன் மருந்தில் விறைத்துக் கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் பக்கத்து சீட்டு அம்மாள் குனிந்துவிடுவார். "அயிரை தான டீச்சரு? எம்புட்டுக் கெடச்சது?" சாப்பிடுவதற்கு இல்லை, ஆராய்ச்சிக்கு என்பேன். "திங்காத மீன எதுக்குத் தாயி பிடிக்கணும்?" என்பார். நியாயமான கேள்வி. என்னிடம் அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. போன புரட்டாசியோடு அதுவும் போச்சு.

நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஏன் செய்தாய் என்று யாரும் கேட்காதீர்கள், அது தனிக் கோபம். எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்: நம் மேற்கு மலையின் இந்தப் பக்கத்து ஓடைகளில் என்னென்ன மீன் இருக்கிறது, அந்தப் பக்கத்து ஓடைகளில் என்னென்ன மீன் இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது. அந்த 'ஏன்'தான் என்னைப் பிடித்த சனி.

விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டில் விழுகிற மழை பாதி முன்தெருவுக்கும் பாதி பின்தெருவுக்கும் வழியும். நம் மலையும் அப்படித்தான். கிழக்கே வழிகிற தண்ணீர் நம் கண்மாய்களை நிரப்பி, மிச்சம் இருந்தால் வைப்பாற்றுக்குப் போகும். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. மேற்கே வழிவது பெரியாற்றுக்குப் போகும். முன்தெருத் தண்ணீரில் இருக்கிற மீன் பின்தெருவுக்கு எப்படிப் போகும்? அதற்குக் கால் கிடையாது, முகட்டில் ஏறி இறங்காது. கடல் வழியாகச் சுற்றிப் போகட்டும் என்றால் உப்புத் தண்ணீரில் செத்துப்போகும். ஆகவே ஒரே மீன் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றால், மனிதன் என்று ஒருவன் பிறக்காத காலத்தில் அந்த இரண்டு தண்ணீரும் ஒரே தண்ணீராக இருந்திருக்க வேண்டும். அதற்கு வேறு அர்த்தமே இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மலை பேசாமல் நிற்கும். ஆறு அப்படி நிற்காது. வரப்பை அரித்து அரித்து மேல்வயல்காரனின் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. ஆறும் அதே வேலையைத்தான் செய்கிறது. என்ன, அதற்கு லட்சக்கணக்கான வருடம் பிடிக்கும், பஞ்சாயத்துக்கு வராது. ஓர் ஓடை தன் தலைமாட்டை அரித்துக்கொண்டே மேலேறி, முகட்டைத் தின்று, அந்தப் பக்கத்து ஓடையின் தலையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். தண்ணீரோடு சேர்ந்து மீனும் நண்டும் நத்தையும் இந்தப் பக்கம் வந்துவிடும். பிறகு முகடு மாறும், தடம் தூர்ந்துபோகும், அப்படி ஓர் ஆறு இருந்த அடையாளமே மண்ணில் இருக்காது. வந்த மீன் மட்டும் கல்லடியில் இருக்கும், பிள்ளை பெற்றுக்கொண்டு. சோழபுரத்தில் வயல் உழுகிற ஒரு சம்சாரியிடம் இதைச் சொன்னேன். "எங்க மேக்கால வயக்காரன் செஞ்ச வேலைதான இது" என்று ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார். என் ஆய்வுக் குழுவுக்குப் புரியவைக்க எட்டு மாதம் ஆனது.

இனி என் அத்தானைச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கூட்டாளிகளோடு ஓர் ஏலக்காய்த் தோட்டம். நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல், தாராளமான கை. நாய், மாடு, குருவி, கடன்காரன், யாரையும் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. இந்த மாதிரி நல்ல மனிதர்களால் உலகத்துக்கு நேர்கிற சேதத்தை யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். நான் அதற்குப் பதிவு செய்திருந்தால் இந்நேரம் பட்டம் வாங்கியிருப்பேன்.

நான் பதிவு செய்த முதல் வருடம், புரட்டாசி மாதம், அக்கா குடும்பம் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பியது. நானும் ஒட்டிக்கொண்டேன். என் ஸ்கூட்டியை மாந்தோப்பில் நிறுத்திவிட்டு அவர்கள் காரில் போனேன். தோட்டத்தை ஒட்டிய ஓடையில், கூழாங்கல்லுக்கு அடியில், நான் தேடிப்போன அயிரை இருந்தது. நம் கண்மாய் அயிரை மாதிரி இல்லை. உடம்பில் கறுப்புப் பட்டை பட்டையாக இருக்கும், கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும். மேற்கு ஓடைகளில் மட்டும் உண்டு என்று நான் படித்திருந்த வகை. அனுமதிக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நாற்பது மீன் பிடித்தேன். நிறம் மங்குவதற்குள் படம் எடுக்க வேண்டும் என்பதால், ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் உயிரோடு விட்டு, பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டாரை மாட்டி, கார் டிக்கியில் ஏற்றினோம். வழி நெடுக அத்தான் வண்டியை நிறுத்தி நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்த்தார். "ஏட்டி, அம்புட்டும் உசுரோட இருக்குடி" என்று குமுளியில் சொன்னார், கம்பத்தில் சொன்னார், தேனியில் டீ குடிக்கும்போது டீக்கடைக்காரரிடமும் சொன்னார்.

தோப்புக்கு வந்து சேர்ந்தது சனிக்கிழமை மத்தியானம். ஸ்கூட்டியில் டிரம் ஏறாது. பன்னிரண்டு மீனை மட்டும் ஒரு கேனில் எடுத்துக்கொண்டேன். "மிச்சத்தத் திங்கக்கெழம வந்து எடுத்துக்கிடுறேன் அத்தான். மோட்டார மட்டும் நிறுத்திராதீங்க" என்றேன்.

"எடுத்துட்டுப் போயி என்ன செய்வ?"

"மருந்துல போட்டு வைக்கணும்."

"உசுரோடயா?"

"பொறவு? செத்து நாறுனதையா போடுவாங்க?"

அவர் நெற்றியில் அன்று பளிச்சென்று நாமம். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் முட்டையின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். நாமத்தைக் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய, புத்தி வேலை செய்ய வேண்டுமே.

திங்கட்கிழமை மருந்து பாட்டிலோடு போனால் டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. "செத்துப் போச்சுடி" என்றார் அத்தான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மாமரத்தைப் பார்த்துச் சொன்னார். "மோட்டார் நின்னுருச்சு. குழி தோண்டிப் பொதைச்சுட்டேன்."

நான் கத்தினேன். சும்மா இல்லை, அரைமணி நேரம் கத்தினேன். ஒரு மோட்டாரைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா, புதைக்கிற கை எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா, இவர் பஞ்சு மூட்டையை நான் மழையில் போட்டால் சும்மா இருப்பாரா, இந்த வீட்டில் என் வேலைக்கு என்றைக்கு மரியாதை இருந்தது. அக்கா காபியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் எனக்கு அப்பா வழிச் சொத்து, சத்தம் அம்மா வழி. கத்தி முடித்து, ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, என் கள நோட்டைத் திறந்து எழுதினேன்: 'மிச்சம் இருபத்தெட்டு மீன் செத்தன. புதைக்கப்பட்டன.'

அதற்குப் பிறகு நாலு வருடம். மகாராஜபுரத்துப் பக்கத்திலிருந்து ராஜபாளையம் வரைக்கும், அனுமதி கிடைத்த ஓடை ஒன்றுவிடாமல் இறங்கினேன். முழங்கால் தேய்ந்தது, செருப்பு மூன்று ஜோடி ஓடையோடு போனது, அட்டை கடித்த தழும்பு இன்னும் கணுக்காலில் இருக்கிறது. பட்டை அயிரை எங்கும் இல்லை. ஓர் ஓடையை மட்டும் பார்க்காமல் வைத்திருந்தேன். அத்தானின் மாந்தோப்புக்குப் பின்னால் ஓடுகிற ஓடை. நம்ம தோப்பு ஓடைதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மிதப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருந்தால் நாம் போகிற லட்சணம் தெரியாதா?

ஐந்தாம் வருடம், தை மாதம், தண்ணீர் வற்றிய பிறகு அங்கே இறங்கினேன். தோப்பைத் தாண்டிக் கொஞ்சம் மேலே, பாறையிலிருந்து தண்ணீர் வழிந்து விழுகிற ஒரு பள்ளம். முதல் கல்லைப் புரட்டினேன். கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு ஒன்று கிடந்தது. இரண்டாவது கல்லிலும் ஒன்று. மூன்றாவது கல்லில் குஞ்சுகள். நான் போட்ட சத்தத்தில் தோப்பிலிருந்து அத்தான் பதறியடித்து ஓடிவந்தார், பாம்பு கடித்துவிட்டதென்று. வலையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். சொந்தக்காரப் பிள்ளைகளை வெளியூரில் பார்த்தவர் மாதிரி அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "நல்லா இருக்குதுக" என்றார். என் சந்தோஷத்தில் அவருக்கும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று சொல்லவே எனக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஓடைகளில் அந்த ஒன்றில் மட்டும் மேற்குப் பக்கத்து மீன். ஆக, அந்த ஓடைதான் என்றோ ஒரு நாள் முகட்டைத் தின்று பெரியாற்றுத் தண்ணீரைத் திருடியிருக்கிறது! வரைபடம் போட்டேன், பாறைச் சரிவைக் கணக்கெடுத்தேன், இரண்டு பக்கத்து மீனின் துணுக்கையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. இரண்டும் ஒன்று. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

என் கைடு மதுரையில் இருக்கிறார், ஓய்வு பெறப் போகிற வயது. போனிலேயே கை தட்டினார். "அருமைம்மா, இந்த ஒரு அத்தியாயம் போதும் உங்களுக்கு" என்றார். நானும் துள்ளினேன். ஆனால் அன்றைக்கே ஒன்று இடித்தது. பங்காளிகள் பிரிந்து நாலு தலைமுறை ஆனாலே மூக்கு மாறுகிறது, குரல் மாறுகிறது. லட்சம் வருடம் பிரிந்திருந்த மீனில் ஓர் எழுத்துகூடவா மாறாது? என் மாணவி யாராவது இதே முடிவைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் அவளைக் கேள்வி கேட்டே கொன்றிருப்பேன். என்னை நான் கேட்கவில்லை. 'பிரிவு அண்மைக் காலத்தில் நிகழ்ந்திருக்கலாம்' என்று ஒரு வரியைப் போட்டு மூடிவிட்டு மேலே போனேன். அண்மைக் காலமாம்! எவ்வளவு அண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏழாம் வருடம் வந்தது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இது மூன்றாவது, கடைசி. தைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பதிவு ரத்து. ஆறு அத்தியாயமும் முடிந்து பைண்டிங்குக்குப் போகிற நேரம். என் பட்டத்துக்காக அக்கா நேர்ந்துகொண்டிருந்தாள். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை திருவண்ணாமலைக்குக் கூப்பிட்டாள். வடக்கே இருக்கிற சிவன் மலை இல்லை, இது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துப் பெருமாள் குன்று. புரட்டாசிச் சனிக்கிழமை அங்கே படி தெரியாது, தலைதான் தெரியும். வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, இறங்குகிற வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம்.

அத்தான் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஏட்டி, டாக்டரு ஆகப் போற. எல்லாம் பெருமாளோட கிருபை. அன்னைக்கும் இதே புரட்டாசிச் சனி தான்."

"என்னைக்கு?"

"அந்த மீன விட்ட அன்னைக்கு."

எந்த மீனை என்று நான் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கை புளியோதரைக்குள் அப்படியே நின்றது.

"டிரம்முல கெடந்துச்சே. உசுரோட மருந்துல போடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்ட. நாமத்தப் போட்டுக்கிட்டு நான் அதுக்குக் காவல் இருக்க முடியுமா? சாயந்தரமே ஓடையில கொண்டுபோயி விட்டுட்டேன். ஒரு சூடம் கொளுத்தி வச்சு, பெருமாளே இதுகளக் காப்பாத்துன்னு சொல்லிட்டு வந்தேன். உங்கிட்ட செத்துப் போச்சுன்னுட்டேன்." அவர் குரலில் அத்தனை திருப்தி. "விட்டது வீண் போச்சா பாத்தியா! அன்னைக்கு நீ அம்புட்டையும் மருந்துல போட்டுருந்தா, இன்னைக்கு உனக்கு ஓடையில மீனு ஏது, பட்டம் ஏது?"

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இவர் என் சேலைக்குள் விட்டுவிட்டுப் பெருமாளுக்கு நன்றி சொல்கிறார். நான் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. படி இறங்குகிற கூட்டம் நின்று பார்த்தது நினைவிருக்கிறது. "கோவிந்தா, கோவிந்தா" என்று பக்கத்தில் யாரோ சத்தத்தை அமுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. "ஏட்டி, கோயில்ல வச்சுக் கத்தாதடி" என்று அக்கா என் தோளை அமுக்கினாள். "உங்களுக்குத்தான எத்தனை தடவை சொன்னேன், மீன் மலை தாண்டாது, மலை தாண்டாதுன்னு!" என்று கத்தினேன். அத்தான் திகைத்துப்போய்ப் பார்த்தார். "அதான் நான் தாண்டி விட்டுருக்கேனே" என்றார்.

சத்தியமாக அந்த மனிதருக்குப் புரியவில்லை. ஏழு வருடம் சாப்பாட்டு மேசையில் அவருக்குக் கூரையும் முகடும் சொல்லியிருக்கிறேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கைடுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார். "இது வேற யாருக்கும்மா தெரியும்?"

"அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியும் சார்."

"உங்க நோட்டுல என்ன இருக்கு?"

"செத்துப் போச்சுன்னு இருக்கு."

"எழுத்துல இருக்கறதுதான் ஆதாரம்மா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் எத்தனை விட்டார், எங்க விட்டார்னு வாய்ப்பேச்சை வச்சு நாம என்ன பண்ண முடியும்? ரெண்டு நாள் யோசிங்க. தையை விட்டா வேற வழி இல்லை."

கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்காகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல். எனக்கு நல்லது செய்யாத ஆள் ஒருவர் கிடைத்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பட்டியல், எந்த ஓடையில் எந்த மீன் என்கிற மளிகைக் கடைச் சீட்டு. எடுக்காவிட்டால் இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. நான் எழுதியதை நாளைக்கு இன்னொருத்தி படிப்பாள். அதன் மேல் நின்று அவள் ஒரு வரைபடம் போடுவாள். இல்லாத ஆறு ஒன்று அதில் ஓடும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்புக்குப் போனேன். "விட்ட எடத்தக் காட்டுங்க" என்றேன். அத்தான் முன்னால் நடந்தார். இடம் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. மருதமரத்து வேர் தண்ணீருக்குள் இறங்குகிற இடம். சூடம் வைத்த கல்லைக்கூடக் காட்டினார். நான் மீன் கண்ட பள்ளம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் நோட்டையும் பேனாவையும் எடுத்ததும் அவர் என் கையைப் பார்த்தார். இரவு அக்கா விளக்கிச் சொல்லியிருக்கிறாள் போல, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இத எழுதுனா உனக்குப் பட்டம் கெடைக்காதாம்ல?"

"அந்தப் பாடம் போயிரும். பொறவு தர்றாங்களோ என்னவோ."

"அப்ப எழுதாத. நான் ஒண்ணும் விடல. மீனு செத்துப் போச்சு. அன்னைக்குச் சொன்னதுதான் நெசம். யாரு வந்து கேட்டாலும் நான் சொல்லுறேன். பெருமாள் மேல சத்தியம் வேணும்னாலும் பண்ணுறேன்."

பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து பஞ்சு மார்க்கெட்டில் எத்தனையோ நஷ்டப்பட்ட மனிதர் அவர். என் நன்றியையும் எனக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது.

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ஓடைய விட்டுட்டு நான் வேற ஓடையப் பார்த்திருப்பேன்ல? ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ கத்துவியேன்னுதான்" என்றார்.

அவ்வளவுதான் காரணம். அன்றைக்கு அவர் செத்துப்போச்சு என்று சொன்னதற்கே அரைமணி நேரம் கத்தியவள் நான். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கும் தெரிகிறது.

சூடம் வைத்த கல்லிலேயே உட்கார்ந்து பழைய பக்கத்தைப் புரட்டினேன். 'செத்தன' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'தவறு. இருபத்தெட்டு மீனும் உயிரோடு தோப்பு ஓடையில் விடப்பட்டன.' அயல் மீன் ஒன்றைக் குறித்து வைக்கும்போது, கொண்டுவந்தது யார் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அத்தான் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். பிடித்தது யார்? டிரம்மில் போட்டது யார்? டிக்கியில் ஏற்றி மலை தாண்டிக் கொண்டுவந்தது யார்? என் பெயரை எழுதினேன். தகவல் தவறாகப் பதிவானதற்குக் காரணம் என்று அடுத்த கட்டம். யோசித்துப் பார்த்து, 'பதிவு செய்தவரின் வாய்' என்று எழுதினேன். ஆய்வேட்டில் அது வராது. நோட்டில் இருக்கிறது.

எழுதி முடித்து நோட்டை மூடிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. விட்ட மீன் அங்கேயே நிற்குமா? அந்த ஓடைக்கென்று ஒரு பழைய உண்மை இருந்திருக்கலாம். நிஜமாகவே அது என்றைக்கோ அந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தொட்டிருக்கலாம். எங்கள் மீன் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. இனி யார் வந்து எந்தக் கல்லைப் புரட்டிக் கேட்டாலும் அந்த ஓடை எங்கள் குடும்பத்துப் பொய்யைத்தான் சொல்லும். பக்கத்து ஓடைகளாவது பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

"அத்தான், இதுக பரவுறதுக்குள்ள பிடிக்கணும். ஆள விட்டு அம்புட்டையும் பிடிங்க. ஒண்ணு விடாம."

"பிடிச்சு?"

ஏழு வருடமாக ஊரே என்னிடம் கேட்ட கேள்விக்கு முதல் தடவையாக ஆமென்று பதில் சொன்னேன். "கொழம்பு வைங்க."

அத்தான் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "ஏட்டி, என்ன பேச்சு பேசுத! புரட்டாசி இன்னும் பாதிகூட முடியல. ஐப்பசி பெறக்கட்டும். மொதத் தேதியே நானே ஓடையில இறங்கி அம்புட்டையும் பிடிச்சுத் தாரேன்."

"ஐப்பசியில மழை அத்தான், ஓடை பெருகுனா அம்புட்டும் பரவிரும்" என்றேன்.

அவர் ஓடையைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். சரி, இந்த ஒரு தடவை இப்பவே பிடிச்சிருவோம் என்று சொல்லுவாரென்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான் தனியாக இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்று, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அறுபது கிடைத்தது, மிச்சம் கல்லடியில் நின்றுவிட்டது. அவர் கரையில் திரும்பி உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமலே எனக்குக் குடை பிடித்தார்.

ஆற்று அத்தியாயத்தை எடுத்துவிட்டு, நடந்ததை ஒன்றரைப் பக்கத்தில் எழுதிச் சேர்த்து, இன்னும் ஆறு மாதம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. கைடு கோபத்தில் இருக்கிறார், ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் பக்கத்து மழை சொன்ன நாளில் வந்ததாக என் வாழ்நாளில் ஞாபகமில்லை. இந்த வருடம் ஐப்பசி முதல் தேதி விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டது, ஐந்து நாள் விடவில்லை. ஓடை பெருகிக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கும் தண்ணீர் போனது. ஊரே சந்தோஷமாக இருந்தது.